முகத்தசை அனிமேஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி முகத்துக்குள் தசைகளைப் பொருத்தி முகபாவங்களை வரவழைக்கப் புதியவர்கள் முயல்வதைப் பார்க்கும்போதெல்லாம், நான் செய்த பழைய தவறுகளே வரிசையாகத் திரும்பி வருகின்றன. தசைகளின் பெயர் மாறுவது, இடவலம் குழம்புவது போன்றவை ஒரே நாளில் தாமாகத் தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சதையை எலும்போடு ஒட்டிவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மண்டையோட்டைத் தொடும் சதைப் புள்ளிகள் அனைத்தையும் எலும்போடு பிணைத்துவிட்டால் சிமுலேஷன் முரண்டுபிடிக்காமல் ஓடும் என்பதால், அப்படிச் செய்யத்தான் கை போகும். ஆனால் நெற்றியில் விரலை வைத்து மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், தோல் எலும்பின்மேல் வழுக்குவது தெரியும். கன்னத்தின் உட்புறமும் பற்களின்மேல் நழுவுகிறதே தவிர ஒட்டியிருப்பதில்லை.

என் முதல் சிரிப்பில், கன்ன எலும்பிலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் ஸைகோமேட்டிக்கஸ் மேஜர் தசையை எவ்வளவு சுருக்கினாலும் உதட்டோரம் மட்டும் நூல் கட்டி இழுத்ததுபோல் உயர்ந்தது, கன்னம் திரளவேயில்லை. வலு போதவில்லை என்று எண்ணி அதை இரட்டிப்பாக்கினேன், சதையின் இறுக்கத்தைக் குறைத்தேன், அந்த அளவுகளை நம்பியே கோபம், அருவருப்பு, வியப்பு என மூன்று வாரம் செதுக்கினேன். பிணைப்பை அவிழ்த்து, அளவுகளைப் பழையபடி வைத்த அன்று கன்னம் தானாகத் திரண்டது. மற்ற பாவங்களில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்க முடியவில்லை. தசை தொடங்கும் இடங்களையும், கன்ன எலும்பு, தாடை விளிம்பு போன்று தசைநார்கள் இறுகப் பிடித்திருக்கும் இடங்களையும் மட்டும் பிணையுங்கள். மற்ற இடங்களில், எலும்பை ஊடுருவாமல் நழுவ விடுங்கள். "தசைக்கு வலு போதவில்லை" என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது பிணைப்புகளைத்தான்.

இரு முனையும் எலும்பில்

இரு முனையும் எலும்பில் பொருந்தும் கைத்தசையின் நினைவில் செய்யும் பிழை இது. பாவங்களைக் காட்டும் தசைகளில் பெரும்பாலானவை தோலிலோ வேறொரு தசையிலோதான் முடிகின்றன. வாயைச் சுற்றிய ஆர்பிகுலாரிஸ் ஓரிஸ் தசையை நேர்க்கோடாக வைத்தால் உதடு குவியாது. 1987-இல் கணினி வரைகலை ஆய்வாளர் கீத் வாட்டர்ஸ் வெளியிட்ட முகத்தசை மாதிரியிலேயே வளையத் தசை தனி வகை.

கன அளவு

சதை நசுங்கினாலும் அதன் கன அளவு குறையக்கூடாது. அதற்காகப் பாய்சான் விகிதத்தை (ஒரு திசையில் இழுத்தால் பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்லும் எண்) 0.5 என்றே எழுதினால் வழக்கமான சூத்திரத்தில் பூஜ்யத்தால் வகுக்க நேரும், 0.499 என்றாலும் சதையைச் சிறு நான்முகிகளாகப் பிரித்த எளிய வலை மரக்கட்டைபோல் விறைத்துவிடும்.

கண்

கண்ணைச் சுற்றிய தசை சுருங்காமல் வாயோரம் மட்டும் உயர்ந்தால் அது மரியாதைச் சிரிப்பு.

தாடை

வாயைத் திறக்கத் தாடையைச் சதையால் இழுக்காதீர்கள். எலும்பாகவே சுழற்றி, சற்று முன்னேயும் நகர்த்துங்கள்.