‘மூணு மாச சுகர்’: ஒரு மருத்துவச் சொல்லை ஒன்றரை நிமிஷ வீடியோவாக்குவது எப்படி

மருத்துவ வீடியோ எடுக்கக் கிளம்புகிறவர்கள் பலரும் செய்கிற முதல் தப்பு, ‘சர்க்கரை நோய் பற்றி முழு விளக்கம்’ என்று தலைப்பு வைப்பதுதான். ஒரு வீடியோவுக்கு ஒரு சொல் போதும். நான் எடுத்த ஒன்றையே சொல்கிறேன்: ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதமாக ரத்தத்தில் சுகர் எப்படி இருந்தது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை.

முதலில் பெயரை முடிவு செய்யுங்கள். அகராதியில் தேடி ஒரு கடினமான கலைச்சொல்லைக் கொண்டுவந்து வைத்தால் யார் மனதிலும் நிற்காது, லேப்பில் கேட்டுப் பாருங்கள், ‘மூணு மாச சுகர்’ என்றுதான் சொல்வார்கள். பேச்சில் அதையே வையுங்கள். ஆனால் திரையில், ரிப்போர்ட்டில் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே பெரிதாகக் காட்டுங்கள்; நாளைக்குப் பார்ப்பவர் காகிதத்தில் தேடப்போவது அந்த எழுத்துகளைத்தான். சுகர், சர்க்கரை, குளுக்கோஸ் என்று மாற்றி மாற்றிச் சொன்னால் மூன்று வெவ்வேறு சமாசாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்காக எடுத்தால் நோயின் பெயரைச் சலரோகம் என்று சொல்லலாம்.

அப்புறம் விஷயம். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை, சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அந்த அணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதனால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கதை தெரிந்துவிடும். இதை எப்படிக் காட்டுவது? வெல்லப்பாகில் பொரியைப் புரட்டிக் காட்டினேன், பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. வீட்டில் அத்தையிடம் போட்டுக் காட்டினால், “சரி, இனிமே பொரி சாப்பிடக் கூடாதுங்கிற, அதானே?” என்றார். சுகர் வீடியோவில் தின்பண்டத்தைக் காட்டினால் அது பத்தியமாகத்தான் தெரியும். அத்தனையும் வீண்.

மாற்றாகக் கிடைத்தது சீலிங் ஃபேன். விருந்தாளி வருகிறார்கள் என்று காலையில் தரையைக் கூட்டித் துடைத்துவிடலாம், அது வெறும் வயிற்றில் எடுக்கிற சுகர். இறக்கையில் படிந்த மூன்று மாதத் தூசி அப்படியேதானே இருக்கும், அதுதான் ஹெச்பிஏ1சி. ஆனால் எந்த உவமையும் ஓரிடத்தில் காலை வாரும், அந்த இடத்தை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தூசி தானாகப் போகாது. பழைய அணுக்களோ போய்ப் புதுசு வந்துகொண்டே இருக்கும், அதனால் சுகரைக் கட்டுப்படுத்தினால் எண் இறங்கும். இதைச் சொல்லாமல் விட்டால் பார்ப்பவர் பயந்துபோவார்.

எண்களை ஒரே பட்டையில் காட்டுங்கள்: 5.7 சதவீதத்துக்குக் கீழே சாதாரணம், 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். பச்சை, சிவப்பை மட்டும் நம்பாதீர்கள், அந்த இரண்டும் பிரித்துத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், எழுத்தும் போடுங்கள். ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றலாம் என்று ஒரு வரி கட்டாயம். மாத்திரையைக் கூட்டு, குறை என்று ஒரு வார்த்தைகூட வேண்டாம். எழுதியதைப் படமெடுப்பதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்; எடுத்த பிறகு காட்டினால் திருத்த மனசு வராது, அனுபவத்தில் சொல்கிறேன்.

படப்பிடிப்புக்குப் போன் போதும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், ஃபேனை நிறுத்திவிடுங்கள் (சத்தம்!), காலர் மைக் இருந்தால் நல்லது. ரிப்போர்ட்டைக் காட்டினால் பெயர், வயது, பார்கோடு எல்லாவற்றையும் மறைத்த பிறகு எடுங்கள். பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் நிறைய, அதனால் சப்டைட்டில் அவசியம். தானாக வருகிற தமிழ் எழுத்தை அப்படியே விடாதீர்கள், மருத்துவச் சொல் வந்தாலே கண்டபடி எழுதிவைக்கும். வாசிக்கத் தெரியாதவர்களும் பார்ப்பார்கள், எனவே திரையில் இருப்பதை எல்லாம் குரலிலும் சொல்லுங்கள்.

கடைசியில் ஒருவரைப் பார்க்க வைத்து, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க’ என்று கேளுங்கள். ஃபேனைப் பார்த்த அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் வாயைக் கட்டினா இதுல மாட்டிக்குவேன்னு சொல்லு” என்றார். அன்றைக்கு ராத்திரியே அப்லோட் செய்துவிட்டேன்.