உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில், ஆதரவற்றோர் இல்லப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தரப் போகிறீர்களா?

முதலில், உள்ளூர் ஆசிரியர் ஒருவரைச் சம்பளம் பேசி அமர்த்துங்கள். கம்பாலா இருப்பது புகாண்டா பகுதியில். இடுப்பசைவே உயிரான பகிசிம்பா அந்த மண்ணின் ஆட்டம். நான் பரதம் ஆடுபவள். ஆனாலும் என் அடவுகளுக்கு வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் போதும்.

ஒத்திகைக்கு முன்பே சாப்பாடு. போஷோ என்கிற சோளமாவுக் களியும் பீன்ஸும் இருந்தால் சரி. பசித்த பிள்ளையைக் குதிக்கச் சொல்வது பாவம்.

வாயே திறக்காத பிள்ளையை எங்காலாபி பக்கம் அனுப்புங்கள். கையால் அடிக்கும் நீண்ட மேளம் அது. யாரோடும் பேச வேண்டாம், தாளத்துக்குப் பதில் தாளம் கொடுத்தால் போதும். பேச்சு வர மாதக்கணக்கானாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம், அம்மா எப்படி இறந்தார் என்று பிள்ளைகளை மேடையில் சொல்ல வைக்காதீர்கள். நன்கொடையாளர்கள் கேட்பார்கள், கண்ணீருக்குக் காசு அதிகம். முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஆடியதற்குக் கைதட்டட்டும்.

இல்லங்களில் வளரும் பலருக்குத் தாயோ பாட்டியோ உயிரோடு இருப்பார்கள். நிகழ்ச்சியன்று அவர்களுக்கு முன்வரிசை. வர பஸ் காசும் கொடுங்கள்.

உகாண்டாவில் பள்ளி ஆண்டு பெரும்பாலும் பிப்ரவரியில் தொடங்கும். பெரிய நிகழ்ச்சிகளை டிசம்பர், ஜனவரி விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். வசூலான ஷில்லிங்கைப் பள்ளிக் கட்டணமாக நேரே பள்ளியிலேயே கட்டி, ரசீதை வீட்டாரிடம் கொடுங்கள்.