டேஷ்போர்டில் சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தால் கூலன்ட் கோளாறைக் கண்டறியும் முறை

வெப்பமானி ஒன்று நீரலையில் மூழ்கியிருப்பது போன்ற சிறு படம் டேஷ்போர்டில் சிவப்பாக எரிந்தால், எஞ்சினின் சூடு எல்லையைத் தாண்டிவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்ததா, விசிறி நின்றதா, அந்தத் திரவம் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டதா என்பதை அந்த விளக்கு சொல்லாது. இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் வெப்பத்தைக் காட்டும் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கும், மிகச் சூடேறிய பின் சிவப்பு விளக்கும்தான் எரியும். ஆகவே சிவப்பு விளக்கு எரிந்த பிறகு "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதற்கு இடமே இல்லை. எஞ்சினின் மேல்பகுதியான, அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் வளைந்துபோக அந்தத் தூரமே போதும்.

முதலில் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஹீட்டர் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை வெளியேற்றும் என்பதால், நிறுத்த இடம் கிடைக்கும் வரை அது உதவும். அதன்பின் ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். கூலன்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த திரவம், ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில் மூடப்பட்டிருக்கும்போது 125 டிகிரி செல்சியஸ் வரையிலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்து அந்த அழுத்தத்தை விடுவித்த கணத்திலேயே அது கொதித்து, நீராவியோடு முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ரேடியேட்டரின் மேல்பக்கத்தையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாயான மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அழுத்திப் பாருங்கள். அது கல்லைப் போல் விறைப்பாக இருக்கும் வரை மூடியின் பக்கமே போக வேண்டாம். எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதால் கையை அதன் அருகே கொண்டுபோகவும் கூடாது.

எஞ்சின் ஆறிய பின் ரிசர்வ் டேங்கில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால் கசிவைத் தேட வேண்டும். சரியாக இருந்தால் விசிறி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் மீது கவனம் திரும்ப வேண்டும். முள் உள்ள கார்களில் ஓர் எச்சரிக்கை தேவை. கூலன்ட் முழுதும் வெளியேறி சென்சார் திரவத்தில் மூழ்காமல் போனால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் திடீரெனக் கீழே இறங்கக்கூடும். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எப்போது சூடேறியது என்ற கேள்வியே கோளாறைப் பாதி காட்டிக்கொடுக்கும். போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது சூடேறி, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் தணிந்தால், முதலில் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆறிய எஞ்சினை இயக்கி ஏசியைப் போட்டால், பெரும்பாலான கார்களில் விசிறி சிறிது நேரத்தில் சுழலத் தொடங்க வேண்டும். அது சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் இணைப்பு என்று வரிசையாகப் பாருங்கள். மாறாக, நிற்கும்போது ஒன்றும் இல்லாமல், மலையேற்றத்திலோ தொடர்ந்த வேகத்திலோ மட்டும் சூடேறினால், ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம், பம்ப் போதிய அளவு தள்ளாமல் இருக்கலாம், அல்லது மூடி அழுத்தத்தைத் தாங்காமல் இருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறியும் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று கருதலாம். நீல விளக்கு வெகுநேரம் அணையாவிட்டால், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்காததன் விலையை நானே கொடுத்திருக்கிறேன். ஏற்காடு மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே என் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சமவெளிக்கு இறங்கிய பின் ஒரு பட்டறையில், "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டார்கள். மைலேஜ் குறைந்தது, அடுத்த மலைப்பயணத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது. கடைசியில் பார்த்தால், ரேடியேட்டர் மூடியின் அடிப்பக்க ரப்பர் வளையத்தில், விரலால் விரித்துப் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய மயிரிழை வெடிப்பு. சில நூறு ரூபாய் மூடியோடு கோளாறு தீர்ந்தது. தெர்மோஸ்டாட்டை மட்டும் மறுபடியும் வாங்கிப் போட வேண்டியிருந்தது. எந்த வெயில் ஊரிலும் எஞ்சின் தன் இயல்பான சூட்டில், ஏறத்தாழ 90 டிகிரியில், ஓட வேண்டும். அதற்காகத்தான் தெர்மோஸ்டாட் இருக்கிறது.

கசிவைத் தேடுவதற்கு, இரவில் வண்டியின் முன்பகுதிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவையுங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமும் மணமும் அற்ற வெறும் தண்ணீர். கூலன்டோ பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறத்தோடும் இனிப்பான வாடையோடும், விரலில் தேய்த்தால் வழுவழுப்பாகவும் இருக்கும். காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது போன்ற படிவு தெரியும்; ஹோஸ் கிளாம்புகளின் ஓரத்திலும், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையிலும் டார்ச் அடித்து அந்தப் படிவைத் தேடுங்கள். முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பு நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது. கூலன்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதன் இனிப்புச் சுவைக்காகவே நாய்களும் குழந்தைகளும் அதை நாடக்கூடும் என்பதால், சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

வெளியே கசிவு தெரியாமலேயே மட்டம் குறைந்துகொண்டே போனால்தான் சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள எஞ்சின் பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிப் பேச வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் விறைத்துக்கொள்வது, டேங்கில் குமிழிகள் இடைவிடாமல் வருவது, புகைக்குழாயில் வெண்புகை நில்லாமல் வருவது, ஆயில் பால் கலந்த காப்பியைப் போல் மாறுவது ஆகியவை அதன் அறிகுறிகள். எனினும் ஹெட்டைக் கழற்றும் முன், கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி அதன் அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையையும், கூலன்டில் எஞ்சினுக்குள் எரிந்த புகைவாயு கலந்திருந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவச் சோதனையையும் செய்யும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதைச் செய்யாமல் "கேஸ்கெட் போய்விட்டது" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பழுது நீங்கிய பின் நிரப்பும்போது, காரின் கையேடு சொல்லும் வகையையே ஊற்றுங்கள். நிறம் ஒத்திருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைத்துவிடும். பிறகு கையேட்டில் உள்ளபடி காற்றை வெளியேற்றி, விசிறி ஒருமுறை சுழன்று நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மட்டத்தை மீண்டும் பாருங்கள். உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறியதால் அன்று சற்றே குறைந்திருக்கலாம். நிரப்பிவிட்டு, அந்த மட்டத்தில் டேங்கின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் தினமும் காலையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.