நுகர்வோர் ஆணையத்தில் மனு: திரும்பி வராமல் தாக்கல் செய்வது எப்படி?

புதிய குளிர்சாதனப் பெட்டி நான்காவது மாதமே பழுதானது. கடைக்காரர் நிறுவனத்தைக் கைகாட்டினார். நிறுவனம் கடையைக் கைகாட்டியது. பொறுக்க முடியாமல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு நானே மனு எழுதிக் கொண்டுபோனேன். அலுவலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பக்க எண் இல்லை. சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதியளிக்கும் பிரமாண வாக்குமூலம் இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் முழு முகவரியும் இல்லை. எல்லாவற்றையும் சரிசெய்து வழக்கு எண் வாங்குவதற்குள் இரண்டு மாதங்கள் போய்விட்டன.

வழக்கு இழுபடுவதற்கு நம் கையில் இல்லாத காரணங்கள் பல உண்டு. ஆனால் தொடக்கத்தில் நேரும் தாமதத்தை நம்மால் தடுக்க முடியும். வழக்கறிஞர் இல்லாமல் நேரில் வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

முதல் படி: தேதியைக் கணக்கிடுங்கள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 69-இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். ‘பார்க்கிறோம், செய்கிறோம்’ என்று நிறுவனம் அனுப்பும் பதில்களை நம்பிக் காத்திருந்தால் அந்தக் கெடு நீளாது. கடந்துவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவைத் தக்க காரணத்துடன் சேர்த்துத் தர வேண்டும். அதற்கே தனி விசாரணை நடக்கும்.

இரண்டாம் படி: எந்த ஆணையம்?

நீங்கள் செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். கேட்கும் இழப்பீட்டுத் தொகை இந்தக் கணக்கில் சேராது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்தது என்பதால் இன்றும் பலர் குழம்புகிறார்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கடையோ நிறுவனமோ இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை.

மூன்றாம் படி: காகிதங்கள்

கடை ரசீதை வாங்கிய அன்றே நகலெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். வெளுத்த தாளைச் சான்றாவணமாகக் காட்டுவது எவ்வளவு சங்கடம் என்பது எனக்குத் தெரியும். உத்தரவாத அட்டை, புகார் எண்கள், சேவை மையத்தார் தந்த அறிக்கை, மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். எதிர்தரப்புக்கு முன்கூட்டி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தும் ஒப்புகை கிடைக்கும்படி ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். நீங்கள் வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

நான்காம் படி: மனுவை எழுதுதல்

தமிழிலேயே எழுதலாம். யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள், என்ன பழுது, எப்போதெல்லாம் முறையிட்டீர்கள் என்பதைப் பத்தி எண்ணிட்டுச் சொல்லுங்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் மனுவில் தேதிகள் பேசட்டும். என்ன வேண்டும் என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள்: விலையைத் திருப்பித் தருவது, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு. கேட்காமல் விட்டதைப் பின்னால் சேர்க்கத் திருத்த மனுப் போட வேண்டிவரும்.

எதிர்தரப்பினரின் முகவரியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். கடை, தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள். நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரியைப் பெருநிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடி எடுக்கலாம். முகவரி பிழையானால் ஆணையத்தின் அறிவிப்பு ‘விலாசதாரர் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வரும். புதிய முகவரி கொடுத்து, மீண்டும் அனுப்பி, அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கட்டி, கொடுத்து, எண் வாங்குதல்

அட்டவணை, தேதிப் பட்டியல், தரப்பினர் விவரம், மனு, பிரமாண வாக்குமூலம், சான்றாவணங்கள் என்ற வரிசையில் பக்க எண் இட்டுக் கட்டுங்கள். ஆணையத்துக்கான தொகுதிகளோடு எதிர்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு தொகுதி வேண்டும். எத்தனை என்று அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். உங்களுக்கென ஒரு தொகுதியை வைத்து, அதில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்க மறக்காதீர்கள். இணையவழித் தாக்கலுக்கு 2025 ஜனவரியிலிருந்து ‘இ-ஜாக்ரிதி’ தளம் இருக்கிறது. சந்தேகம் கேட்க 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

தாக்கலுக்குப் பிறகு

மனுவை ஏற்பதா என்பதைப் பொதுவாக 21 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது பிரிவு 36. உங்களை விசாரிக்காமல் மனுவைத் தள்ள முடியாது. அறிவிப்பைப் பெற்ற எதிர்தரப்பு 30 நாட்களுக்குள் பதிலுரை தர வேண்டும். ஆணையம் மேலும் 15 நாட்கள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. எனவே எதிர்தரப்பு அறிவிப்பைப் பெற்ற தேதியைக் குறித்து வையுங்கள். 46-ஆம் நாளும் பதிலுரை வரவில்லை என்றால், அதைச் சுட்டிக்காட்டி, மேலே விசாரிக்கும்படி எழுத்திலேயே கேளுங்கள்.

அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 3 மாதங்களில், பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதங்களில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. தலைவரும் குறைந்தது ஓர் உறுப்பினரும் சேர்ந்து அமர்ந்தால்தான் விசாரணை நடக்கும்; இடம் காலியாக இருந்தால் வாய்தா மட்டுமே மிஞ்சும். இது நுகர்வோருக்கு இழைக்கப்படும் அநீதி. தகுந்த காரணத்தைப் பதிவு செய்யாமல் வாய்தா தரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. எதிர்தரப்பு மூன்றாம் முறை அவகாசம் கேட்டபோது நான் எழுந்து ஆட்சேபித்தேன். ஆணையம் அவர்களுக்குச் செலவுத் தொகை விதித்தது. அதற்குப் பின் அவர்கள் அவகாசம் கேட்கவில்லை.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட ஆணையத்தின் உத்தரவென்றால் மேல்முறையீட்டுக்கு 45 நாட்கள் உண்டு. தொகை செலுத்த உத்தரவிடப்பட்ட தரப்பு மேல்முறையீடு செய்தால், அதில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் உத்தரவைச் செயல்படுத்தக் கோரி அதே ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்குப் பிரிவு 72-இன்கீழ் ஒரு மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, குறைந்தது 25,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும்.