துளைவழிப் பாத அறுவை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தக் கால் என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, அது தெரியாதவர் தியேட்டருக்குள் வரவே கூடாது. பாதக் கோணலைச் சில மில்லிமீட்டர் துளை வழியாகச் சரிசெய்யக் கற்க வருகிறவர்கள் திறந்த அறுவையில் கைதேர்ந்தவர்கள்தான். ஆனால் பர்ரை, அதாவது எலும்பை அரைத்து வெட்டும் சுழல்முனையை, கையில் எடுத்ததும், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் வரிசையாகச் சறுக்குகிறார்கள்.

பர்ரைச் சூடேற விடுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பர் எலும்பை அரைத்துக்கொண்டே போகிறது, அரைத்தால் சூடு வரத்தான் செய்யும். 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புக்குக் கேடு. திறந்த அறுவையில் எலும்பு கருகினால் கண்ணில் படும், இங்கே எல்லாம் தோலுக்கு உள்ளே நடக்கிறது, சி-ஆர்ம் (அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் கருவி) திரையில் சூடு தெரியாது.

ஒரு பயிற்சி மருத்துவர் முதல் மெட்டாடார்சலை (பெருவிரலுக்குப் பின்னால் உள்ள பாத எலும்பை) வெட்டிக்கொண்டிருந்தார். கெட்டியான எலும்பு, பர் நகரவில்லை. பெடலை இன்னும் மிதித்து வேகத்தைக் கூட்டினார், கையாலும் அழுத்தினார். பக்கத்தில் சலைன் ஊற்றவேண்டியவரின் சிரிஞ்சு காலியாகி எவ்வளவு நேரமோ, அதை யாரும் கவனிக்கவில்லை. முடிவில் எக்ஸ்ரே அவ்வளவு அழகு, எல்லோருக்கும் சந்தோஷம். கட்டைப் பிரித்த அன்றுதான் துளையின் ஓரம் கறுத்திருந்தது தெரிந்தது. அப்புறம் புண் ஆற இழுத்தது, எலும்பு சேர அதைவிட இழுத்தது. "சின்ன ஓட்டைதான்னு சொன்னீங்களே டாக்டர்" என்று அந்த அம்மா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இத்தனைக்கும் தவிர்ப்பது சுலபம். வேகம் குறைவாக, முறுக்குவிசை அதிகமாக உள்ள இயந்திரம் வேண்டும். மழுங்கிய பர்ரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள், புதிதாக ஒன்றைக் கேளுங்கள். துளையின் வாயில் குளிர்ந்த சலைன் விடாமல் விழவேண்டும். சில விநாடிகளுக்கு ஒருமுறை நிறுத்தி, வெளியே எடுத்து, பள்ளங்களில் அடைத்திருக்கும் எலும்புக் கூழைத் துடையுங்கள், ஏனென்றால் அடைத்த பர் வெட்டாது, உரசிச் சூடேற்றும். இரத்த ஓட்டம் கொஞ்சம் சூட்டைக் கொண்டுபோகும் என்பதால் பலர் டூர்னிக்கேயும் (இரத்தத்தை நிறுத்தக் காலில் இறுக்கும் பட்டை) கட்டுவதில்லை. துளை இறுக்கமாக இருந்தால் இன்னொரு மில்லிமீட்டர் கீறுங்கள், சின்னத் துளைக்கு யாரும் பரிசு தரப் போவதில்லை.

பர் தின்னும் நீளத்தை மறப்பது

2 மி.மீ. பர் குறைந்தது 2 மி.மீ. எலும்பைத் தின்றுவிடும். முதல் மெட்டாடார்சல் குட்டையானால் பாரம் இரண்டாவதற்கு மாறி, பெருவிரல் நேரான அதே காலில் புது வலி கிளம்பும். பர்ரை விரல் நுனிப் பக்கமாகவும் உள்ளங்கால் பக்கமாகவும் சற்றே சாய்த்து வெட்டினால் இந்த இழப்பை ஈடுகட்டலாம்.

ஸ்க்ரூ மெட்டாடார்சல் தலைக்குள் போய்விட்டால் போதும் என்று நினைப்பது

போதாது. செவ்ரான் என்னும் V வடிவ வெட்டில் முதல் ஸ்க்ரூ, எலும்பின் பின்துண்டுடைய வெளிப்பக்கப் புறணியையும் (கெட்டியான மேலடுக்கையும்) துளைத்துக்கொண்டுதான் விரல் பக்க முனையான தலைக்குள் நுழையவேண்டும், இல்லாவிட்டால் பிடிமானம் இருக்காது. மேலிருந்து பார்த்தால் கச்சிதமாகத் தெரியும், பக்கவாட்டுப் படத்தில் எலும்புக்கு வெளியே நிற்கும். இரண்டையும் பாருங்கள்.

நரம்பு

அது அறுபடாமல் இருக்க, கத்தி தோலோடு நிற்கட்டும். அதற்குக் கீழே மழுங்கிய கருவி மட்டும்.

படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே

வேண்டாம். நிற்கவைத்து எடுங்கள்.

டி.எம்.எம்.ஓ. செய்துவிட்டு ஓய்வெடுக்கச் சொல்வது

டி.எம்.எம்.ஓ. என்பது பெருவிரல் அல்லாத விரல்களின் மெட்டாடார்சல்களைத் தலைக்கு அருகே வெட்டுவது, இதில் ஸ்க்ரூ கிடையாது. வெட்டிய மெட்டாடார்சல் தலைகள், நோயாளி கால் ஊன்றி நடக்கும்போதுதான் தத்தம் உயரத்தில் அமர்கின்றன. அதனால் தட்டையான, கெட்டி அடியுள்ள செருப்பைக் கொடுத்து உடனே நடக்கவிடுங்கள். வீக்கம் மாதக்கணக்கில் நிற்கும், அதை அறுவைக்கு முன்பே சொன்னால் அது தகவல், பின்னால் சொன்னால் சமாளிப்பு.

கட்டை அலட்சியமாகச் சுற்றுவது

ஸ்க்ரூ இல்லாத இடத்தில் விரலைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கட்டு மட்டும்தான். கையுறையைக் கழற்றிக்கொண்டே வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போகாதீர்கள், முதல் கட்டையும் அடுத்த வாரம் மாற்றும் கட்டையும் நீங்களே போடுங்கள்.