ரே காஸ்டிங் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

1992-இல் வெளிவந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டின் அறைகள் எல்லாம் உண்மையில் ஒரு தட்டையான கட்டத்தாள்தான். திரையின் ஒவ்வொரு செங்குத்து வரிக்கும் ஒரு கதிரை விட்டு, அது எவ்வளவு தூரத்தில் சுவரில் முட்டுகிறது என்று பார்த்து, அதற்கேற்ற உயரத்தில் ஒரு கோடு போடுகிறோம். ரே காஸ்டிங் என்பது அவ்வளவுதான். ஆனாலும் புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதலாவது, கதிரை 0.1, 0.1 என்று சின்ன அடிகளாக நகர்த்துவது. ஒரு கட்டத்தின் மூலையை உரசிப் போகும் கதிர் அந்தச் சுவரைப் பார்க்காமலே தாண்டிவிடும். அடியைச் சிறிதாக்கினால் வேகம்தான் குறையும். ஓட்டை முழுதாக அடையாது. அதற்குப் பதிலாகக் கதிரைக் கட்டத்தாளின் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவ விடுங்கள். டிடிஏ (Digital Differential Analyzer) என்ற முறை அதுதான். பிளேயர் (2.5, 3.5)-இல் நிற்கிறார், கதிரின் திசை (0.8, 0.6) என்று வைத்துக்கொள்வோம். அடுத்த செங்குத்துக் கோடு 0.5 ÷ 0.8 = 0.625 தூரத்தில் இருக்கிறது. அடுத்த கிடைக்கோடு 0.5 ÷ 0.6, அதாவது சுமார் 0.833 தூரத்தில். எது குறைவோ அந்தப் பக்கம் ஒரு கட்டம் நகருங்கள். இங்கே 0.625-தான் குறைவு, அதோடு 1 ÷ 0.8 = 1.25-ஐக் கூட்டி, மறுபடி ஒப்பிடுங்கள். திசையின் ஒரு கூறு 0 என்றால் வகுக்காமல் அந்தத் தூரத்தை முடிவிலி என்றே வையுங்கள்.

அப்புறம் மீன்கண் வளைவு. நேர் எதிரே 4 கட்டம் தள்ளியிருக்கும் சுவர், 30 டிகிரி விலகிய ஓரக் கதிருக்கு 4.62 தூரம். அதை அப்படியே உயரத்துக்குப் பயன்படுத்தினால் சுவர் ஓரங்களில் குறுகி, நடுவில் புடைத்துத் தெரியும். பார்வைத் திசைக்கும் கதிருக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். கதிரின் முழுக் கோணத்தையே கொசைனுக்குள் போட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். பிளேயர் 0 டிகிரியைப் பார்க்கும்வரை படம் சரியாக இருக்கும்; திரும்பியதும் சிதறும்.

இந்தத் திருத்தம் கதிர் விடும் ஃபங்ஷனுக்குள் வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. முட்டிய கட்டம், எந்தப் பக்கம், தூரம் ஆகிய மூன்றை மட்டும் அது திருப்பித் தரட்டும். திரை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரிய வேண்டாம். அப்போதுதான் தனியாக டெஸ்ட் எழுத முடியும். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: எண்ணிக்கை 0-இல் தொடங்கும், ஓரமெல்லாம் சுவராக உள்ள 5×5 வரைபடத்தில் அந்தக் கதிர் (3, 4) கட்டத்தில், 0.833 தூரத்தில் முட்ட வேண்டும். சதுர வரைபடம் மட்டும் போதாது. வரிசையையும் நெடுவரிசையையும் மாற்றி எழுதியிருந்தால் அதில் தெரியாது. 5×8 வரைபடம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.