நிறுத்தி வைத்த மோட்டார்ஹோமில் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டார்ஹோம் (உள்ளேயே வீடுபோல் தங்கும் வசதி உள்ள வண்டி) வைத்திருப்பவர்கள் பலர், குளிர் தொடங்கியதும் வண்டியை மூடி ஐந்தாறு மாதம் ஓரமாக நிறுத்திவிடுவார்கள். சாவியை உருவியாயிற்று, ஸ்விட்சுகளையும் அணைத்தாயிற்று, இனி வண்டிக்குள் மின்சாரம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஃபோர்ட் நிறுவனம் 2009 வரை பல தவணைகளாகச் சுமார் 1 கோடியே 40 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. காரணம், வண்டியின் வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலை நிறுத்தும் ஒரு சின்ன ஸ்விட்ச். சாவியை எடுத்த பிறகும் அதற்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே பிரேக் ஆயில் கசிந்து, அரித்து, சூடேறி, நின்றுகொண்டிருந்த வண்டிகள் தீப்பிடித்தன. மோட்டார்ஹோம்கள் கட்டப்படும் எஃப்53 சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) அந்தப் பட்டியலில் இருந்தது.

அதனால் நம் வேலை அணைப்பதோடு முடியாது, பிரித்து வைக்க வேண்டும்.

படி 1: வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை நிறுத்துங்கள்

முதலில் ஏசி, ஹீட்டர், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். அப்புறம் வண்டிக்கு மின்சாரம் தரும் கம்பத்தில் உள்ள பிரேக்கர். கடைசியில் பிளக். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கை உருவினால் பொறி பறந்து பின்கள் கருகும்.

உருவிய பிளக்கை அப்படியே சுருட்டி வைக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்கள் பளபளப்பாக இருக்க வேண்டும். ஒரு பின் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி உப்பியிருந்தால் அங்கே கனெக்‌ஷன் லூஸ். 30 ஆம்ப் ஓடும்போது லூஸான ஒரு இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே 90 வாட் வெப்பம் உண்டாகும். கட்டைவிரல் அளவு இடத்தில் ஒரு சால்டரிங் அயர்ன் எரிவது போல. சூட்டில் பிடி இன்னும் தளரும், தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். தேய்த்துச் சுத்தம் செய்து சமாளிக்க வேண்டாம், பிளக்கை மாற்றுங்கள். அது செருகியிருந்த சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதிய பிளக்கும் கருகும்.

கூரையில் சோலார் பேனல் இருந்தால் அதன் இணைப்பையும் இப்போதே, பேட்டரியைத் தொடுவதற்கு முன்பே, கழற்றுங்கள். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்திருந்தால் சில சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும்.

படி 2: இரண்டு பக்க பேட்டரிகளையும் கழற்றுங்கள்

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். மோட்டார்ஹோமில் இரண்டு பேட்டரி அமைப்புகள் உண்டு. ஒன்று வீட்டுப் பக்கத்துக்கு, இன்னொன்று இன்ஜினுக்கு. கதவோரம் இருக்கும் டிஸ்கனெக்ட் ஸ்விட்ச் பெரும்பாலும் வீட்டுப் பக்கத்தை மட்டும்தான் துண்டிக்கும், அதையும் முழுதாகத் துண்டிப்பதில்லை. பல வண்டிகளில் லெவலிங் ஜாக் (வண்டியைச் சமமாக நிறுத்துவது), சோலார், கேஸ் அலாரம் போன்றவை பேட்டரியிலிருந்து நேராகப் போகின்றன. மேலே சொன்ன ஃபோர்ட் ஸ்விட்ச் இருந்ததோ இன்ஜின் பக்கத்தில்.

12 வோல்ட் தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஷாக் அடிக்காது, சரி. ஆனால் ஒரு லெட் ஆசிட் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாயும். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இணைப்புகளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் நெகடிவ் முதலில். நெகடிவ் இணைந்திருக்கும்போது பாசிடிவ் நட்டைத் திருகப் போய் ஸ்பானரின் மறுமுனை வண்டியின் இரும்பில் பட்டால், அங்கேயே ஷார்ட். நெகடிவ் கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒரே டெர்மினலில் தடித்த கேபிளோடு இரண்டு மூன்று மெல்லிய வயர்களும் செருகியிருக்கும். அவற்றையும் எடுத்து, டேப் சுற்றித் தள்ளி வையுங்கள்.

சரி பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் பாசிடிவிலும் மறுமுனையை சேசிஸ் இரும்பிலும் வையுங்கள். ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். 12, 13 என்று காட்டினால் ஏதோ ஒரு நெகடிவ் வயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது சோலார் உயிரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் இதைச் செய்யுங்கள்.

படி 3: பேட்டரியை முழு சார்ஜில் வையுங்கள்

முழு சார்ஜில் உள்ள லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். காலியானது குளிரில் உறைந்து விரிசல் விட்டுவிடும். மாதம் ஒருமுறை பார்த்து, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் செய்யுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், காற்றோட்டமான இடத்தில். வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய கன்வெர்ட்டரில் மாதக்கணக்கில் செருகி விட்டால் பேட்டரியின் தண்ணீர் பிரிந்து வற்றி ஹைட்ரஜன் வெளியேறும், அது காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

படி 4: ஹீட்டர் வேண்டாம்

குழாய் உறையாமல் இருக்க எக்ஸ்டென்ஷன் கார்டில் ரூம் ஹீட்டர் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 120 வோல்ட்டில் 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்ப் இழுக்கும். 15 ஆம்ப் லைனில் தொடர்ந்து ஓடக்கூடியதே 12 ஆம்ப்தான். தண்ணீரை வடித்துவிட்டு, மோட்டார்ஹோம் பொருட்கள் விற்கும் ஆர்வி கடைகளில் கிடைக்கும், உறையாமல் காக்கும் பிங்க் நிற ஆன்டிஃப்ரீஸை குழாய்களில் ஓட்டுங்கள்.

படி 5: எலி, ரீகால்

எலி வயரின் மேலுறையைக் கடித்தால் உள்ளே செம்பு வெளியே தெரியும். ஓட்டைகளை அடைத்துவிடுங்கள், ஆனால் வயர் நுழையும் இடத்தில் ஸ்டீல் வூல் (இரும்பு நார்) வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், பொறி பட்டால் எரியவும் செய்யும்.

பிறகு, உங்கள் வண்டிக்கு ரீகால் (நிறுவனம் திரும்ப அழைத்தது) ஏதும் இருக்கிறதா என்று, 17 எழுத்து எண்கள் கொண்ட வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம். சேசிஸ் செய்தவர் ஒருவர், மேலே வீட்டைக் கட்டியவர் இன்னொருவர் என்பதால் இருவர் பெயரிலும் தேடுங்கள். ஃபிரிட்ஜை அதன் மாடல் எண்ணைக் கொண்டு தனியாகத் தேட வேண்டும். 2006-இல் டொமெட்டிக் திரும்ப அழைத்த ஃபிரிட்ஜ்கள் 9 லட்சத்துக்கும் மேல். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், முந்தைய உரிமையாளர் சரிசெய்திருப்பார் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

வசந்தத்தில் திரும்ப இணைக்கும்போது

வயர்களையும் பெட்டிகளையும் முதலில் கண்ணால் பாருங்கள், எலி எச்சம் இருக்கிறதா, கருகல் வாடை வருகிறதா என்று. பேட்டரியில் பாசிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில். அதன் பிறகே சோலார். பிளக் செருகி, ஏசி ஓட விட்டு, அரை மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் பிரேக்கரை உடனே ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.